எங்கிருந்தாலும் வரவும்

கள்ளக்குறிச்சி நாலுமுனைச் சந்திப்பில் ஸ்கூட்டரில் உட்கார்ந்து சிக்னலுக்குக் காத்திருந்தபோதுதான் அது வந்தது. ஆடி மாதம், மண்டை பிளக்கும் வெயில். கச்சிராயபாளையம் சாலையிலிருந்து ஒரு விளம்பர ஆட்டோ, சேலம் சாலையிலிருந்து இன்னொன்று. இரண்டின் தலையிலும் கூம்பு ஒலிபெருக்கி. இரண்டிலும் ஒரே ஜவுளிக்கடை, ஒரே பதிவு, ஒரே பெண் குரல். நான் பதிவு செய்து கொடுத்ததுதான். ஒன்று கொஞ்சம் முந்தி ஓடியது, மற்றது கொஞ்சம் பிந்தி. “வாங்க வாங்க” என்ற அழைப்பின் மேல் அதே அழைப்பு வந்து விழுந்தது. தள்ளுபடி கரைந்தது, பட்டுப்புடவை கரைந்தது, கடையின் பெயரும் கரைந்தது. மிஞ்சியது ஒரு நீண்ட ‘ஆ’. ஒரே பெண் இரண்டு தெருவில் நடந்து தன்னையே தேடுவதைப் போல. ஆட்டோக்கள் ஒன்றையொன்று கடந்தபோது அந்த ‘ஆ’ மெல்லச் சுருதி இறங்கி வழுக்கியது. அத்தனை வெயிலில் எனக்குக் கை மயிர் எழுந்து நின்றது.

“யம்மா, பச்ச உழுந்து எம்மா நேரம் ஆவுது! கனா கண்டுகினு கீறியா?” பின்னால் சின்ன யானை சரக்கு வண்டிக்காரர் கத்தினார்.

“ஆமாண்ணா,” என்று சொல்லிவிட்டு வண்டியை ஓரம் கட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே போனார்.

அந்தப் பச்சை விளக்கைத் தவறவிட்டதன் பலன்தான் இன்று நான் இந்தப் பதிவறை மேசையிலிருந்து எழுவது. நாளை முதல் விளம்பரப் பதிவு புதிதாக வந்த உங்கள் இருவர் பொறுப்பு. இருபத்தெட்டு வயதில் ஓய்வு பெறுகிறவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரியுங்கள், ஆனால் படித்துக்கொண்டே சிரியுங்கள். மைக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது, இரைச்சலை எப்படி வடிகட்டுவது என்பதையெல்லாம் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. கை பரபரக்கும்போது எதைத் தொடக்கூடாது என்பது மட்டும் எந்தப் பாடத்திலும் இல்லை. அதை நான் கற்றுக்கொண்டது எப்படி என்று சொல்கிறேன்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் பர்வீன் அக்கா. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பர்தாவுக்கு மேல் ஹெல்மெட்டோடு அப்படியே மாடியேறி வருவாரே, அவர்தான். வீட்டுக்காரருக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக்கடை. ஊரில் நகை, ஜவுளி, போர்வெல், டியூஷன் எது விற்றாலும் அக்காவின் குரலில்தான் விற்கும். அதுபோக அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. திருவிழா, கண்காட்சி என்று எங்கே கூட்டம் கூடினாலும் ஒலிபெருக்கி அமைப்பவர்கள் அவரை அறிவிப்புக்கு அழைத்துப் போவார்கள். காணாமல் போன பிள்ளை, கீழே கிடந்த பர்ஸ், வழியை மறித்து நிற்கும் பைக் எல்லாம் அவர் வாயிலிருந்துதான் ஊருக்குத் தெரியும்.

இருண்ட, மெதுவான மின்னணு இசை எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே பைத்தியம். எங்கோ ஆழத்தில் முழங்கும் தாளம், பனி மாதிரி நகரும் சிந்தசைசர் ஒலி, அதற்குள்ளிருந்து ஆளைத் தேடி வரும் ஒரு பெண் குரல். கேட்டால் முதுகு சில்லிட வேண்டும். ஆனாலும் நிறுத்த மனம் வரக்கூடாது. அதைக் கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து செய்ய வேண்டும் என்பது என் பிடிவாதம். போர்வெல் வண்டி பூமியை இடிக்கும் ஓசையைப் பதிவு செய்து, வேகத்தைப் பாதியாக்கித் தாளமாக வைத்திருந்தேன். கரும்பு ஆலையின் இரைச்சலைத் தூரத்திலிருந்து பிடித்து சிந்தசைசரின் கீழ்ச்சுருதியோடு குழைத்திருந்தேன். குரலுக்கான இடம் மட்டும் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தது. நாலுமுனையில் அது நிரம்பியது.

மறுநாள் அக்காவிடம் சொன்னபோது அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

“பாட்டா? நானா? ஸ்கூல்ல ப்ரேயர் பாட்டுக்கே என்ன கடேசி வரிசைல நிக்க வெச்சி, வாய மட்டும் அசைன்னாங்கடி.”

“பாட வேணாங்கா. கூப்புட்டா போதும். இத கேளுங்க.”

ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முகம் மாறியது. கழற்றினார்.

“இன்னாடி இது, பேய் வர்ற மாதிரி கீது?”

“பேய்தாங்கா வரணும்.”

“வந்து? இன்னா சொல்லும்? ஒண்ணு வாங்குனா ஒண்ணு ஃப்ரீன்னா?”

சிரித்து முடித்துவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்தார். அங்கேதான் முதல் சிக்கல். அக்கா எதைச் சொன்னாலும் அது விற்றது. “இருட்டு” என்றால் இருட்டுக்கு ஏதோ சலுகை இருப்பது போல் வாக்கியத்தின் வால் மேலே எழும்பியது. விளம்பரக் குரலில் ஒரு புன்னகை எப்போதும் கலந்திருக்கும். உதட்டில் இருப்பது காதுக்குக் கேட்டுவிடும். சோகமாகச் சொல்லுங்கள் என்றேன். தொலைக்காட்சித் தொடரில் மாமியார் அழுவது போல அழுதார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள் என்றேன். தூக்கம்தான் வந்தது.

“இது ஆவாதுடி. என் வாயி வித்து வித்துப் பழகிடுச்சி,” என்று எழுந்துவிட்டார்.

“சரிக்கா, ஒரே ஒரு தரம். சும்மா எதுனா பேசுங்க, சத்தத்தோட அளவ மட்டும் பாத்துக்கறேன்.”

ஹெட்போனில் நான் எதிரொலியை நிறுத்தாமல் விட்டிருந்தேன். அவர் “ஹலோ” என்றார். “ஹலோ” திரும்பி வந்தது. உடனே அவர் முதுகு நிமிர்ந்தது. நான்கு மூலையிலும் கூம்பு கட்டிய திருவிழா மைதானம் காதுக்குள் வந்துவிட்டது போலிருக்கிறது. பழக்கத்தில் அதையே சொன்னார். “எங்கிருந்தாலும்...” என்று நிறுத்தினார். எதிரொலி போய்த் திரும்பி வரும்வரை காத்திருந்தார். “மேடைக்கு அருகில்...” மறுபடியும் காத்திருந்தார். “வரவும்.”

புன்னகை இல்லை, அழுகை இல்லை. தாழ்ந்த குரல். ஒவ்வொரு சொல்லையும் கொடுத்துவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று காது கொடுத்துக் கேட்கும் குரல். நான் பதிவுப் பொத்தானை அழுத்தியிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேல் ஒரு மரியாதை வருகிறது.

“இப்ப சொன்னீங்களே, அதுதாங்கா பாட்டு.”

“ஏய், இது புள்ள காணோம்னு சொல்றதுடி.”

“அதனாலதான் நல்லா கீது.”

அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, “எம்பேர நல்லா பெருசா போடு,” என்றார்.

இணையத்தில் வெளியிட்ட பாட்டு பரவிய வேகம் எனக்கே பிடிபடவில்லை. முதலில் கல்லூரிப் பிள்ளைகள், பிறகு செல்போன் கடைகள், பிறகு டிராக்டர்களில்கூட. நான் வைத்த தலைப்பை யாரும் சொல்லவில்லை. ஊர் அதற்குப் ‘பேய்ப் பாட்டு’ என்று பெயர் வைத்துவிட்டது. பாட்டின் கடைசியில் ‘வரவும்... வரவும்... வரவும்...’ என்று தேய்ந்து மறையும் இடத்தைப் பையன்கள் ஒருவரையொருவர் கூப்பிடப் பயன்படுத்தினார்கள். அக்காவின் மகள் பள்ளியில் ‘பேய் வூட்டுப் பொண்ணு’ ஆகிவிட்டாள். அவளுக்கு அதில் ஏகப் பெருமை.

அப்போதுதான் ஜவுளிக்கடை பாய் மாடியேறி வந்தார். நாலுமுனை ஆட்டோக்களின் முதலாளி; எங்களுக்கு வருகிற வேலையில் பாதி அவருடையது. அக்காவுக்கு உறவில் மாமா முறை.

“இன்னாம்மா, படி ஜாஸ்தியாய்டுச்சா, நான் கம்மியாய்ட்டனா?” என்று மூச்சு வாங்கிக்கொண்டே உட்கார்ந்தார். “கேளு. தை பொறந்தா கல்யாண சீசனு. ‘எங்கிருந்தாலும் நம் கடைக்கு வரவும்.’ அதே கொரலு, அதே எக்கோ. எப்புடி?”

எனக்குச் சிறகு முளைத்துவிட்டது. நான் செய்த ஒலி ஒரு ஊரின் தெருவெல்லாம் ஓடும்! “சூப்பர் பாய்! நாளைக்கே பண்ணிடலாம்,” என்றேன்.

அக்கா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். “பாக்கலாம் மாமு. ஆத்துத் திருவிழா முடியட்டும்,” என்றார்.

“பாக்கறதுக்கு இன்னா கீது? நீ சொல்ற, ஆட்டோ போவுது.”

“முடியட்டும் மாமு.”

பாய் என்னைப் பார்த்தார். நான் அவருக்குக் கண்ணாலேயே வாக்குக் கொடுத்து அனுப்பினேன்.

ஆற்றுத் திருவிழா உங்களில் ஒருவருக்குப் புதிது என்பதால் சொல்கிறேன். தை பிறந்து ஐந்தாம் நாள் தென்பெண்ணை ஓரத்து ஊர்களிலிருந்து சாமிகள் ஆற்றுக்கு வரும். சாமிக்குப் பின்னால் ஊர் வரும். ஆற்று மணல் தெரியாத அளவுக்குத் தலைகள். ஒரு பக்கம் சுருளப்பம், ஒரு பக்கம் சிறுவள்ளிக்கிழங்குக் குவியல், ராட்டினம், பலூன், கரும்பு. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் ஓரத்தில் தண்ணீரும் ஓடும். அந்த ஆண்டு நல்ல மழை.

திருக்கோவிலூர் பக்கத்துக் கரையில் எங்கள் பந்தல். அக்கா அறிவிப்பு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒலிப்பெட்டி என் கையில். காலையிலிருந்து இளவட்டங்கள் பந்தலைச் சுற்றியே திரிந்தார்கள். “பேய்க்கா, ஒரே ஒரு தபா பாடுக்கா!” என்று ஒருவன் கெஞ்சினான். “போடா, உன் ஆளு வூட்டுக்கு வந்து பாடறேன்,” என்று அக்கா விரட்டினார். எனக்கு அந்த நாள் ஒரு வெற்றி விழா மாதிரியே நகர்ந்தது.

சாமி தீர்த்தவாரிக்கு இறங்கிய நேரம். ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பந்தலுக்குள் வந்தாள். களமருதூரிலிருந்து வந்திருக்கிறார்கள். கையில் சுருளப்பப் பொட்டலம். அதை வாங்கக் காசு எடுத்த நேரத்தில் கையை விட்டுப் போன பெண் குழந்தை. நான்கு வயது, மஞ்சள் கவுன், பெயர் தர்ஷினி.

“தண்ணிப் பக்கமா கடை?” என்று அக்கா கேட்டார்.

அந்தப் பெண் ஆமென்று தலையாட்டினாள்.

அக்கா மைக்கை எடுத்தார். எத்தனையோ முறை செய்த வேலை. “நான்கு வயது, மஞ்சள் நிறக் கவுன் அணிந்த, தர்ஷினி என்ற சிறுமி...” காத்திருந்தார். “எங்கிருந்தாலும்...”

கரையில் ஒரு விசில் எழுந்தது.

“மேடைக்கு அருகில்...”

கைதட்டல். என் போர்வெல் தாளத்தில், அதே இடைவெளியில். அக்கா “வரவும்” என்று முடிக்கும் முன்பே ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரு கூட்டமே “வரவும்... வரவும்... வரவும்...” என்று பாட்டில் இருப்பது போலவே தேய்த்து இழுத்தது. பிறகு பெரிய சிரிப்பு.

நான் உடனே சத்தத்தைக் கூட்டினேன். இந்தத் தொழிலில் எல்லாருடைய கையும் முதலில் போகும் இடம் அதுதான். “மறுபடியும் சொல்லுங்கக்கா!” மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை ஆயிரம் கை தட்டியது. சத்தம் கூடக் கூட அது இன்னும் அதிகமாகப் பாட்டானது. கூம்புகள் ஆற்றுக்கு நெடுகக் கட்டியிருந்ததால் நான் அறைக்குள் உட்கார்ந்து செய்த எதிரொலியை ஆறு அப்படியே செய்துகாட்டியது. ஏன், என்னைவிட நன்றாகவே செய்தது.

அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “ஏங்க... இன்னாத்துக்குங்க சிரிக்கிறாங்கோ?”

தண்ணீர் ஓடும் பக்கம் என் கண் போய்க்கொண்டே இருந்தது. அடுத்து எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் அதுதான் தோன்றும். மைக்கைத் தாயின் கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பெற்றவள் கூப்பிட்டால் சிரிப்பு அடங்கும் என்று. கொடுக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“வேணாம். அவ அழுவா. அழுதா இன்னும் பாட்டு மாதிரி கேக்கும்.”

அதைக் கேட்டபோது எனக்கு முதுகு சில்லிட்டது. நான் இத்தனை நாள் தேடிய குளிர்தான். அன்று அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அக்கா மைக்கை மூடிக்கொண்டு தாயிடம் கேட்டார்: “வூட்ல இன்னான்னு கூப்புடுவ?”

“அம்முலு.”

“எக்கோ வர்ற தூரத்துக் கொழாயெல்லாம் நிறுத்துடி. கிட்ட இருக்கறது மட்டும் போதும்,” என்று என்னிடம் சொன்னார்.

சத்தம் போதாத நேரத்தில் ஒலிபெருக்கியை நிறுத்துவதா? ஆனாலும் கை கேட்டது. ஒவ்வொன்றாக நிறுத்தினேன். ஆற்றின் மேல் இருந்த பெரிய முழக்கம் போய், பந்தலைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு மட்டும் கேட்கும் சின்னக் குரல் மிஞ்சியது. தூரத்தில் இருந்தவர்கள் இங்கே என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்தார்கள். அக்கா பேசினார். இந்த முறை அறிவிப்புத் தமிழே கிடையாது. வீட்டு வாசலில் நின்று பேசுவது போல.

“ஏ, கைதட்டிக்கினு கீற தம்பிங்களா. பேய்க்கா பேசறேன். பாட்டு பாடுனது நான்தான். இது பாட்டு இல்ல. நெசமாவே புள்ளய காணோம். அம்மாக்காரி தோ எம்பக்கத்துல நிக்கிறா.”

சிரிப்பு ஒரு பக்கமாக அறுந்தது.

“நீலச் சட்ட, விசிலடிச்ச பாரு, உன்னத்தான். உம்பக்கத்துல மஞ்ச கவுனு கீதா பாரு. இல்லியா? பின்னாடி பாரு. தண்ணி கிட்ட நிக்கிறவன் தண்ணிய பாரு. செல்ல பாக்காத, தண்ணிய பாரு. தூரத்துல கீறவங்களுக்குக் கேக்காது, நீ சொல்லு. பேரு அம்முலு. புள்ள கெடச்சா கைய தூக்கு, கத்தாத.”

அவர் சொன்னது வாய் வாயாக ஆற்றில் இறங்கியதை நான் பந்தலிலிருந்து பார்த்தேன். தலைகள் வரிசை வரிசையாகக் குனிந்தன. விசில் அடித்த நீலச் சட்டைக்காரனும் அவன் கூட்டாளிகளும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். “அம்முலு! அம்முலு!” என்று சாதாரணமாக, தெருவில் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவது போல நூறு குரல். அக்காவின் இடது கை அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்திருந்தது. நான் ஒலிப்பெட்டியில் கையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருந்தேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கடினமான வேலை அதுதான்.

கிழங்குக் கடைகளின் பக்கம் ஒரு கை உயர்ந்தது. பிறகு அதைச் சுற்றிப் பத்துக் கைகள். சிறுவள்ளிக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால், சாக்கு நிழலில் உட்கார்ந்து, வாய் நிறைய வெந்த கிழங்கோடு இருந்திருக்கிறாள். கிழங்கு விற்ற அம்மா தன் பக்கத்துக் கடைக்காரி பிள்ளை என்று நினைத்து உரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். நீலச் சட்டைக்காரன் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். இடுப்பு வரை ஈரம்.

“சாரிக்கா,” என்றான் அக்காவிடம்.

“எங்கிட்ட இன்னா சாரி. அந்தம்மாவுக்கு ஒரு சோடா வாங்கியா, போ.”

தாயும் பிள்ளையும் போன பிறகு அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். அறிவிக்க வேண்டிய பர்ஸ், பைக் எல்லாம் வரிசையில் இருந்தன. அவர் மைக்கைத் தொடவில்லை.

“எனக்கு ரெண்டு கொரலு இருந்துதுடி. ஒண்ணு விக்கிறதுக்கு, ஒண்ணு கூப்புடறதுக்கு. கூப்புடறத நீ பாட்டுல போட்டுட்ட. நானும் பேர பெருசா போடுன்னு சொன்னேன். இன்னிக்கி தம்பிங்க நல்ல பசங்களா போய்ட்டாங்க. இன்னொரு நாளிக்கு இன்னா பண்றது?”

“பாட்ட எடுத்துடட்டுமாக்கா?”

“எடுத்தா போய்டுமா? ஊரு வாயில கீது.”

உண்மைதான். வெளியான ஒலியைத் திரும்ப வாங்க முடியாது. அங்கேயே மணலில் உட்கார்ந்து நான் எனக்கு ஒரு சட்டம் எழுதிக்கொண்டேன். இப்போது உங்களுக்கும் அதுதான். ஊரில் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஒலியை இசைக்கு எடுக்காதீர்கள். ஆம்புலன்ஸ் சைரன், பள்ளிவாசல் பாங்கு, ரயில்வே கேட் மணி, காணாமல் போன பிள்ளைக்கான அழைப்பு. அவை அழகாக இருப்பதே அவற்றைக் கேட்டு ஆட்கள் எழுந்து ஓடுகிறார்கள் என்பதால்தான். உங்கள் பாட்டில் அது இன்னும் அழகாகும். ஆட்கள் உட்கார்ந்தே ரசிப்பார்கள். அத்தோடு தொலைந்தது.

மறுநாள் பாய் ஆட்டோவோடு வந்துவிட்டார். அக்கா எனக்கு முன்பே வாய் திறந்தார்.

“அது வேணாம் மாமு. அந்தக் கொரல்ல நான் விக்க மாட்டேன்.”

“பாட்டுக்கு மட்டும் குடுத்த?”

“குடுத்தேன். நேத்து ஆத்துல பாத்தேன். புள்ள காணோம்னு கூப்புட்டா கைதட்டறாங்க. நீயும் ஆட்டோல போட்டன்னு வெச்சுக்க, அடுத்த வருஷம் எவன் திரும்பிப் பாப்பான்? உம்பேரன் காணாம போனா நான் எந்த வாயால கூப்புடறது?”

பாய் வியாபாரி, கணக்கைச் சட்டென்று போட்டுவிடுவார். அன்று அவர் பாதி வேலையை வேறு ஊருக்குக் கொண்டுபோயிருந்தால் இந்த அறையை நாங்கள் மூடியிருக்க வேண்டியதுதான். அது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். நானும் அக்கா பக்கம் போய் நின்றேன்.

“நான் வாக்குக் குடுத்தது தப்பு பாய். அதுக்குப் பதிலா வேற நல்லதா பண்ணித் தரேன்.”

“இன்னா பண்ணுவ?”

அக்கா மைக் முன்னால் உட்கார்ந்து, உதட்டில் அந்தப் புன்னகையை ஏற்றிக்கொண்டார். “வாங்க வாங்க! பொண்ண கூட்டிக்கினு வாங்க, மாப்ளய வெளிய நிக்க வெச்சிட்டு வாங்க!”

பாய் குலுங்கிச் சிரித்தார். “இதையே போடு. மாப்ள மட்டும் கேட்டுட்டுக் கோச்சிக்கப் போறான்.” அந்த விளம்பரம் எவ்வளவு நன்றாக ஓடியது என்பது உங்களுக்குத் தெரியும், அதைக் கேட்டுத்தான் இங்கே வேலை கேட்டு வந்ததாக நீங்களே சொன்னீர்கள்.

அந்தப் பாட்டுக்குப் பிறகு அக்கா எதுவும் பாடவில்லை. நானும் கேட்கவில்லை. தாளங்களும் இரைச்சல்களும் கணினியில் சும்மா கிடந்தன. ஒரு நாள் டீ குடிக்கும்போது அவராகவே ஆரம்பித்தார்.

“கூப்புடற கொரலு ஊருக்கு வேணும்டி. அது பாட்டுல போவக்கூடாது. பதில் சொல்றவங்க பாட்டுல இருந்தா இன்னா?”

“பதில்னா?”

“‘இங்கதான் கீறேன்.’ அத எவன் மைக்குல சொல்றான்? எந்தத் திருவிழாலயும் நான் சொன்னதில்ல.”

சொல்லிப் பார்த்தார். மெதுவாக, இடைவெளி விட்டு, தாழ்ந்த குரலில்: இங்கதான்... கீறேன். எனக்கு டீ ஆறிப்போனது. கூப்பிடுகிற குரலைவிடப் பதில் சொல்கிற குரல் இன்னும் இருட்டாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எங்கே இருக்கிறாள் என்று தெரியாதபோது ‘இங்கதான்’ என்ற சொல்லைப் போல் கதிகலங்க வைப்பது வேறு எது? அச்சுத் தமிழில் ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று வைத்துப் பார்த்தேன்; செத்துவிட்டது. நம் ஊர்ப் பேச்சில்தான் அது உயிரோடு இருக்கிறது.

அதைத்தான் அடுத்து செய்யப் போகிறோம்; அதற்காகத்தான் இந்த மேசையை விட்டு எழுகிறேன். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு சரிவு. எதிரே இன்னொரு சரிவு. இங்கே சொன்னால் அங்கே போய்த் திரும்பி வருகிறது. கூட்டத்தின் முன்னாலேயே பாடிப் பதிவு செய்கிறோம்; எதிரொலிக்குக் கணினியே வேண்டாம். மலைக்காரப் பிள்ளைகள் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்; கீழேயிருந்தும் ஜீப்புகள் வரும். பகலில்தான் செய்கிறோம். மார்கழிப் பனி இறங்கினால் அங்கே பகலும் போதுமான இருட்டுதான்.

அக்கா ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். அந்தச் சரிவின் ஓரத்தில் வேலி கிடையாது. பாட்டு நடுவில், தாளம் ஆகத் தாழ்ந்து எல்லாரும் மூச்சைப் பிடித்திருக்கும் இடத்தில் நான் ஒலியை நிறுத்த வேண்டும். அவர் வீட்டுப் பேச்சில் சொல்வார்: ஓரமா உக்காந்து கீற புள்ளைங்கள கொஞ்சம் உள்ள இழுத்துக்கோங்க.

“பொய்யா எதுவும் சொல்ல மாட்டேன். ஓரம் நெசமாவே ஓரம்தான்,” என்றார்.

கூட்டம் அதையும் பாட்டு என்று நினைத்துக் கைதட்டினால், அத்தோடு ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு இறங்குவது என்று பேசி வைத்திருக்கிறோம். அந்தப் பாட்டு வெளியே வராது. கை நீட்டிப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டார்களானால் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

இழுப்பார்கள் என்று நம்பி, பாட்டின் இரண்டாம் பாதியையும் செய்து வைத்துவிட்டேன்.